வெளிநாட்டிலிருந்து வரும் ஹெம்ப் எண்ணெய், ஜெலி இனிப்பு: பெட்டியில் போடச் சொல்லும் முன் விதிகளைப் படிக்கும் முறை

கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ நெருங்கிய உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் திருகோணமலையில் அரிது. அவர்கள் அனுப்பும் டோர் டு டோர் பெட்டிக்குள், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் விற்றமின் போத்தலுக்கும் நடுவே, பச்சை இலை அச்சிட்ட ஒரு சிறிய எண்ணெய்ப் போத்தலோ பழச்சுவை ஜெலி இனிப்புப் பொதியோ சில வேளைகளில் இருந்துவிடுகிறது. "அம்மாட முழங்கால் நோவுக்கு நல்லதாம், இஞ்ச கடையில சும்மா விக்கிறாங்கள்" என்று தொலைபேசியில் சொல்லப்படும் வசனத்தின் முதற்பாதி வைத்தியரிடம் கேட்கவேண்டியது. இரண்டாம் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடை எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அங்கு மட்டும், வாங்கிய திகதிக்கு மட்டும் அது உண்மை. இத்தகைய பொருளை அனுப்பச் சொல்ல நினைப்பவர்களும், ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துபவர்களும் வெளிநாட்டு விதிகளை எவ்வாறு படிக்கவேண்டும், இங்குள்ள சட்டத்தோடு அவற்றை எவ்வாறு ஒப்பிடவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெம்ப் என்பது கஞ்சாவிலிருந்து வேறான ஒரு செடியன்று. போதை தரும் டி.எச்.சி. என்ற சேர்மம் குறைவாக இருக்கும் கஞ்சாச் செடிக்கே சில நாடுகள் தங்கள் சட்டத்தில் அந்தப் பெயரை வைத்திருக்கின்றன. அதே செடியில் போதை தராத சி.பி.டி. என்ற சேர்மமும் உண்டு. எண்ணெயாக விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். எவ்வளவு டி.எச்.சி. வரை 'குறைவு' என்பதைத் தாவரவியல் தீர்மானிப்பதில்லை, ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தீர்மானிக்கிறது. ஒரே போத்தல் ஓரிடத்தில் கடைச்சரக்காகவும் இன்னோரிடத்தில் வழக்குப் பொருளாகவும் ஆவதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவின் 0.3 வீதமும் மாநிலங்களின் இழுபறியும்

குழப்பம் அதிகம் கிளம்புவது அமெரிக்காவிலிருந்துதான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. 2018 டிசம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் விவசாயச் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. (டி.எச்.சி.யின் முக்கிய வடிவம்) 0.3 வீதத்தை விஞ்சாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று வரையறுத்து, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருட்களின் பட்டியலிலிருந்து அதை விலக்கியது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடும் விவசாயியை மனதிற்கொண்டு சொல்லப்பட்ட நியாயம் அது. வியாபாரிகளோ செடிக்கு வகுத்த அந்த வீதத்தை இனிப்புக்குப் பொருத்தினார்கள். நான்கு கிராம் எடையுள்ள ஒரு ஜெலி இனிப்பில் 0.3 வீதம் என்பது 12 மில்லிகிராம் டி.எச்.சி. ஆகும். கஞ்சாவை வெளிப்படையாகவே சட்டபூர்வமாக்கிய கனடாவில், உண்ணும் கஞ்சாப் பொருள் ஒரு முழுப் பொதிக்கே 10 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஆகவே 'ஹெம்ப்' என்ற பெயரில் அமெரிக்கப் பெற்றோல் நிலையக் கடையில் கிடைத்த ஒற்றை இனிப்பு, கனடாவின் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் வாங்கும் முழுப் பொதியை விட வலுவாக இருந்திருக்க முடியும். 'ஹெம்ப் தானே, கஞ்சா இல்லையே' என்ற ஆறுதலை இந்தக் கணக்கோடு கைவிட்டுவிடலாம்.

சட்டத்தில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. வரையறை டெல்டா-9 ஐ மட்டும் அளந்ததால், சி.பி.டி.யை அமிலத்தின் உதவியோடு வேதிமாற்றம் செய்து டெல்டா-8 என்ற போதைதரும் சேர்மமாக்கி விற்பவர்கள் தாங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று வாதிட்டார்கள். மற்றையது டி.எச்.சி.ஏ. என்ற அமில வடிவம். பச்சையாக இருக்கும்போது போதை தராத இது, சூடேறியதும் டி.எச்.சி.யாக மாறிவிடும். இதனால் புகைப்பதற்கென்றே விற்கப்பட்ட பூக்கள்கூடத் தாளில் ஹெம்ப்பாகவே இருந்தன.

மத்திய சட்டம் விட்ட இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் இறங்கியது. மினசோட்டா 2022 ஜூலை 1 முதல், ஒரு பரிமாறலுக்கு 5 மில்லிகிராம், ஒரு பொதிக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்போடு, 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் விற்கலாம் என்று திறந்துவிட்டது. கலிபோர்னியா 2024 செப்டெம்பரில் அவசர ஒழுங்குவிதி கொண்டுவந்து, கண்டறியக்கூடிய அளவில் எந்த டி.எச்.சி.யும் ஹெம்ப் உணவுகளில் இருக்கக்கூடாது என்றது. உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் தாராளமாக இயங்கும் மாநிலம் ஹெம்ப் இனிப்பைத் தடுத்தது முரணாகத் தோன்றலாம். உரிமமும் பரிசோதனையும் வரியும் இன்றி அதே போதை பலசரக்குக் கடைக்குள் நுழைவதையே அது தடுத்தது. டெக்சாஸில் சட்டசபை நிறைவேற்றிய ஏறக்குறைய முழுமையான தடையை ஆளுநர் 2025 ஜூன் 22 அன்று வீட்டோ செய்தார். ஆனால் இச்சேர்மங்கள் அடங்கிய, ஆவியாக்கி இழுக்கும் வேப் கருவிகளின் விற்பனை அங்கு அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் தடைப்பட்டது. ஐடஹோவிலோ டி.எச்.சி. அறவே இருக்கக்கூடாது.

இதற்கு மேல், 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான மத்திய செலவினச் சட்டம் ஹெம்ப்பின் வரையறையையே மாற்றியது. டி.எச்.சி.ஏ.யையும் சேர்த்த மொத்த டி.எச்.சி.யை அது கணக்கிலெடுக்கிறது. செடிக்கு வெளியே தயாரித்த சேர்மங்களை விலக்குகிறது. நுகர்வோர் கைக்கு வரும் ஒரு கொள்கலனில் 0.4 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக்கூடாது என்கிறது. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படியாக அது இயற்றப்பட்டது. ஆகவே ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் "இது லீகல்" என்று சொன்னால், எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில், எந்த வகைப் பொருள் என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் கிடைத்தாலும், அது அவர் வாங்கியதைப் பற்றிய பதிலே தவிர அனுப்புவதைப் பற்றிய பதிலன்று.

நம்மவர்கள் வாழும் மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கனடாவில் ஹெம்ப்பிலிருந்து எடுத்த சி.பி.டி.க்கும் 2018 ஒக்டோபர் 17 முதல் அமுலில் உள்ள கஞ்சாச் சட்டமே பொருந்துகிறது. அங்கிருந்து எல்லை தாண்டி எடுத்துச் செல்வது, அளவு எவ்வளவு சிறிதாயினும், கனடாவின் சொந்தச் சட்டத்தின்படியே குற்றம். டொராண்டோவிலிருந்து அனுப்புபவர் இலங்கைச் சட்டத்தை எட்டும் முன்பே ஒரு சட்டத்தை மீறிவிடுகிறார். பிரித்தானியாவில் 0.2 வீதம் வரை அனுமதி என்று பலர் நம்புகிறார்கள். நுகர்வோர் பொருளுக்குப் பார்க்கப்படும் வரம்பு கொள்கலன் ஒன்றுக்கு 1 மில்லிகிராம். 30 மில்லிலீற்றர் எண்ணெய் ஏறத்தாழ 28 கிராம் எடை, அதில் 0.2 வீதம் என்றால் 56 மில்லிகிராம் ஆகிவிடும். சுவிஸில் 1 வீதத்துக்குக் குறைந்த டி.எச்.சி. உள்ள செடி போதைப்பொருட் சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் சூரிச் கடையில் இயல்பாக வாங்கிய ஒன்று, பக்கத்து நாடான ஜேர்மனியின் 0.3 வீத வரம்பையே தாண்டியிருக்கலாம். அவுஸ்திரேலியாவில் குறைந்த அளவு சி.பி.டி.யை மருந்தாளரிடம் மருந்துச்சீட்டின்றிப் பெறும் வகுப்புக்குள் 2021 இல் கொண்டுவந்தார்கள். அதுவும் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்போடுதான்.

ஒரு போத்தலைக் கையில் எடுத்தால்

மேலட்டையில் இருக்கும் பெரிய எழுத்தை நம்பவேண்டாம். '1000 மில்லிகிராம்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முழுப் போத்தலில் உள்ள சி.பி.டி.யின் அளவு, டி.எச்.சி.யைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்றிருந்தால் டி.எச்.சி. உள்ளே இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றால் அதை நீக்க முயன்றிருக்கிறார்கள். 'ஐசொலேட்' என்றால் சி.பி.டி.யை மட்டும் பிரித்தெடுத்ததாகச் சொல்கிறார்கள். 'ஹெம்ப் விதை எண்ணெய்' வேறு. விதையைப் பிழிந்த சமையல் எண்ணெய் வகை அது, அதில் சி.பி.டி. குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை. இணையத்தில் சிலர் விதை எண்ணெயைச் சி.பி.டி. விலைக்கு விற்பதும், அதற்கு நேர்மாறாக வலுவான சாற்றை 'ஹெம்ப் எண்ணெய்' என்று மட்டும் எழுதி அனுப்புவதும் நடக்கிறது.

ஒழுங்குபடுத்திய பல அமெரிக்க மாநிலங்களில் பொதியின் மேல் ஒரு கியூ.ஆர். குறியீடு இருக்கவேண்டும். கைத்தொலைபேசியால் அதைப் படித்தால் பகுப்பாய்வுச் சான்றிதழ் திறக்கும். அதில் முதலில் தொகுதி இலக்கத்தைப் போத்தலின் அடியில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறானால் அந்தச் சான்றிதழ் வேறு போத்தலுக்குரியது. பரிசோதித்த ஆய்வுகூடம் ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்றதா, திகதி என்ன என்பவற்றை அடுத்துப் பாருங்கள். சேர்மங்களின் அட்டவணையில் டெல்டா-9 என்ற ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. டி.எச்.சி.ஏ. அளவை 0.877 ஆல் பெருக்கி டெல்டா-9 அளவோடு கூட்டினால்தான் மொத்த டி.எச்.சி. கிடைக்கும். டெல்டா-9 0.2 வீதமும் டி.எச்.சி.ஏ. 18 வீதமும் காட்டும் ஒரு பூவின் மொத்த அளவு ஏறக்குறைய 16 வீதம். பெயர் எதுவாயினும் அது கஞ்சாதான்.

'கண்டறியப்படவில்லை' என்ற குறிப்பும் பூச்சியம் என்று பொருள்படாது. ஆய்வுகூடத்தின் கண்டறியும் எல்லை 0.01 வீதம் என்றால், 28 கிராம் எண்ணெயில் 2.8 மில்லிகிராம் வரை இருந்தும் அந்தக் குறிப்பே வரும். பிரித்தானியாவின் 1 மில்லிகிராம் வரம்பை அது தாண்டிவிடும். அதே சான்றிதழில் ஈயம் போன்ற கன உலோகங்கள், பீடைகொல்லி, கரைப்பான் மிச்சம் ஆகியவற்றின் முடிவுகள் இல்லையென்றால், சட்டக் கேள்வியை ஒருபுறம் வைத்தாலும், வீட்டு முதியவருக்குக் கொடுக்கத் தகுந்த பொருள் அது அல்ல என்பது என் கருத்து.

இங்குள்ள சட்டத்தில் வீதம் இல்லை

இத்தனை கணக்கையும் கற்றபின், இலங்கைக்குள் அதைக் காட்டித் தப்ப முடியாது என்பதையும் கற்கவேண்டும். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம், 1984 இல் கடுமையாகத் திருத்தப்பட்டு இன்றும் அமுலில் உள்ளது. அபின் செடி, கொகெயின் எடுக்கப்படும் கோகா செடி ஆகியவற்றோடு ஹெம்ப் செடியையும் அது பெயர் சொல்லியே தடைக்குள் கொண்டுவருகிறது. செடியின் பாகங்கள் மட்டுமன்றி, அதன் பிசினும் அப்பிசின் கலந்த தயாரிப்புகளும் அதற்குள் அடங்கும். ஃபுல் ஸ்பெக்ட்ரம் எண்ணெய் எடுக்கப்படுவது பூவின் பிசின் சுரப்பிகளிலிருந்துதான் என்பதை நினைத்துப் பார்த்தால், போத்தல் எங்கே போய் நிற்கும் என்பது விளங்கும். 0.3 வீதத்துக்குக் கீழே என்றால் விலக்கு என்ற கோடு அந்தச் சட்டத்தில் கீறப்படவில்லை. பொருள் பிடிபட்டால் மாதிரி அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்படும், அவருடைய அறிக்கையே நீதிமன்றத்தில் நிற்கும். அமெரிக்க ஆய்வுகூடத்தின் கியூ.ஆர். குறியீடு நீதவான் முன் அதன் இடத்தைப் பிடிக்காது.

மருந்தென்று சொன்னாலும் வழி எளிதாவதில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியப்படாத மருந்தை இறக்கி விற்பது தனிக் குற்றம். வேப் கருவியாக இருந்தால், இலத்திரனியல் சிகரெட்டுகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் உள்ள தடையும் கூடச் சேரும்.

செய்திகளை அரைகுறையாகப் படித்துவிட்டு "இப்ப கஞ்சா சட்டபூர்வம்தானே" என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. 2025 இல் மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கஞ்சா பயிரிட அரசு கொடுத்த அனுமதி, ஏற்றுமதிக்கு மட்டுமானது. அதில் ஒரு துளியும் உள்நாட்டுச் சந்தைக்கு வரக்கூடாது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. டி.எச்.சி. 0.2 வீதத்துக்கு மேற்படாத சி.பி.டி. தயாரிப்புகளைச் சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் பரிந்துரையை அதே கூட்டம் நிராகரித்தது என்ற பகுதி மட்டும் பகிரப்படுவதில்லை. சுதேச மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த பழைய மருந்துகள் இருப்பதும் உண்மையே. ஆனால் அவை ஆயுர்வேதத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டுக்குள் பதிவுபெற்ற வைத்தியர்கள் வழியாகச் செல்வன, பெட்டியில் வருவனவற்றுக்கு அந்த வழி பொருந்தாது.

என்ன செய்வது

அனுப்பச் சொல்லாதீர்கள் என்பதே முதல் அறிவுரை. அனுப்புவதாக யாராவது சொன்னால், "வேண்டாம், இங்க ஹெம்ப் எண்டாலும் கஞ்சாச் சட்டம்தான்" என்று எழுத்தில், வட்ஸ்அப்பிலாவது, பதில் போடுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்பதற்கு அந்தச் செய்தி பிற்காலத்தில் ஆதாரமாகும், அழிக்காமல் வையுங்கள். டோர் டு டோர் பெட்டியில் பெறுநராக உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்தான் இருக்கும் என்பதை அனுப்புபவர்கள் பல வேளைகளில் யோசிப்பதில்லை. பெட்டி கொழும்பில் சுங்கத்தால் திறக்கப்படும்போது விளக்கம் சொல்லவேண்டியவர் கனடாவின் ஸ்காபரோவில் இருப்பவர் அல்லர். விடுமுறைக்கு வருபவர்கள் கைப்பையில் வைத்திருந்தாலும் இதே நிலைதான். டுபாய் வழியாக வருபவர்களுக்கு அந்த விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்கும், ஏனெனில் அங்கும் சி.பி.டி. தடைக்குரிய பொருள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், முகநூலில் பாதி விலைக்குப் போடுவதும் நிலைமையை மோசமாக்கும். வைத்திருந்தவர் விற்றவர் ஆகிவிடுவார். பாவிக்காமல், ஒரு சட்டத்தரணியிடம் பொருளை விவரித்து, எவ்வாறு ஒப்படைப்பது என்று கேட்பதே பாதுகாப்பானது. கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம்.

விடுதி நடத்துபவர்களின் சிக்கல் வேறு. மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் உப்புவெளியில் தங்கும் ஐரோப்பியர் சிலருக்குத் தங்கள் ஊரில் கடையில் வாங்கிய எண்ணெய் இங்கு குற்றம் என்பது உண்மையிலேயே தெரிந்திருக்காது. பதிவுப் படிவத்தோடு கொடுக்கும் விடுதி விதிகளில், சி.பி.டி., ஹெம்ப், வேப் ஆகிய மூன்று பெயர்களையும் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; 'போதைப்பொருள் தடை' என்ற பொதுவான வரியை அவர்கள் தங்கள் எண்ணெய்க்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. அறையில் விட்டுச்செல்லப்பட்ட ஏதாவது கிடைத்தால், துப்புரவு செய்யும் பிள்ளை அதைத் தனியாக எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட அனுமதிக்காதீர்கள். இன்னொருவர் முன்னிலையில் இருந்த இடத்திலேயே படமெடுத்து, அறை இலக்கம், திகதி, நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, தாமதமின்றிப் பொலிஸுக்குத் தெரிவித்து, முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. 'ஹெம்ப்' என்று எழுதிய முகப்பூச்சு, சம்பூ, புரதத்தூள் எதுவாயினும், கொண்டுவந்து தரும் விற்பனை முகவரின் வாய்வார்த்தையில் இறக்கக்கூடாது. இறக்குமதிப் பத்திரமும் உரிய பதிவும் இருந்தால் பிரதியைக் கொடுக்க அவருக்குத் தடையிருக்காது. தரமுடியாது என்றால் சரக்கும் வேண்டாம்.

இனி நோவுக்கு வருவோம். சி.பி.டி.யைக் கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அங்கீகரித்தது, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக. முழங்கால் தேய்மானத்துக்காக அல்ல. அந்த மருந்தைக் கொடுக்கும்போதும் ஈரலின் நிலையை இரத்தப் பரிசோதனையால் கவனித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்களுக்கு சி.பி.டி. அம்மருந்தின் செறிவை உயர்த்தி இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டலாம். வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாமோடும் அது மோதுகிறது. ஆகவே அம்மா ஏற்கெனவே அந்த எண்ணெயைச் சில நாள் பாவித்திருந்தால், சட்டத்துக்குப் பயந்து வைத்தியரிடம் மறைக்கவேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும்போது, எத்தனை துளி, எத்தனை நாள், எந்த வகை என்பதைக் கிளினிக் கொப்பியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வோர்பரின் எடுப்பவராக இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், இரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே செய்யக் கேளுங்கள்.

வெளிநாட்டு வைத்தியர் மருந்துச்சீட்டோடு கொடுத்த கஞ்சா சார்ந்த மருந்தை உண்மையாகவே தொடரவேண்டிய நோயாளி ஒருவர் ஊருக்கு வரவிருந்தால், பயணச்சீட்டு வாங்கும் முன் ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு எழுதிக் கேட்கவேண்டும். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தங்கும் நாட்கள், வைத்தியரின் கடிதம் ஆகியவை அதில் இருக்கவேண்டும். எழுத்தில் அனுமதி கையில் கிடைத்தால் அதன் மூலப்பிரதியை மருந்தோடு வைத்துக்கொண்டு, வந்திறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று தாமே அறிவிக்கவேண்டும். அனுமதி வராவிட்டால், இங்கு கிடைக்கும் மாற்று மருந்து எது என்பதைப் புறப்படும் முன்பே தம் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும்.